இடுப்பில் கத்தி, வாசலில் மந்தாரை

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போன் திரைக்குள் தெரிந்த ஒரு மொட்டை மரத்தைப் பார்த்து.

அக்கா பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது காலை நேரம். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரில், தன் வீட்டின் பின்பக்கம் காபி டம்ளரோடு நின்றிருந்தாள். "இரு, ஒண்ணு காட்டுறேன்" என்று போனைத் திருப்பினாள். மரத்தில் பேருக்கு ஒரு இலை இல்லை. ஆனால் கொப்பு, கிளை, அடிமரம் வரைக்கும் ரோஸ் நிறத்தில் பூ. காம்பு நீட்டித் தொங்கவில்லை, பட்டையைப் பிளந்துகொண்டு அப்படியே வந்து ஒட்டியிருந்தது.

எனக்குப் பின்னால், போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் தரம் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா தலையைத் திருப்பினாள்.

"அதென்னத்தா, காஞ்ச மரத்துல பூவ ஒட்டி வச்சிருக்கு?"

கேட்டது என்னிடம். போனிடம் இல்லை. பெரியம்மா அக்காவைப் பெற்றவள். அக்கா தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவளோடு பெரியம்மா ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஆனால் ஞாயிறு சாயங்காலம் அக்கா எங்கள் அம்மாவுக்குப் போன் போடுகிற நேரத்துக்கு, முறமும் கையுமாகப் பக்கத்து வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்துவிடுவாள். முதுகைக் காட்டித்தான். பேச்சு முடிந்ததும் முறத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அக்காவும் என்னிடமே சொன்னாள்: "ரெட்பட்டுன்னு பேருடி. காயல. குளிர் முடிஞ்சதும் மொதல்ல பூ, அப்புறந்தான் எலை. எலை வெத்தலை மாதிரி இருக்கும்."

"வெத்தலை மாதிரியாம் பெரியம்மா."

"ம்."

அவ்வளவுதான். ஆனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு போய்த் திரும்பியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்த மரம் ஒன்று பெரியம்மா வாசலில் நின்றால் என்ன என்று அந்த நிமிஷம் தோன்றியது. தோன்றிவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

பெரியம்மாவைத் தெரியாதவர்களுக்கு அவள் வீட்டு நாள்காட்டியைப் பற்றிச் சொன்னாலே போதும். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். ஊரில் எல்லோரும் காலையில் எழுந்து நேற்றைய தாளைக் கிழிப்பார்கள். பெரியம்மா சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு அன்றைய தாளைக் கிழித்துவிடுவாள். "முடிஞ்ச நாள எதுக்குத் தொங்க விடணும்?" போடிமெட்டைத் தாண்டி அவளுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. பெரியப்பா போன பிறகு அவள் ஒருத்தியாகத்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். திங்கட்கிழமை விடியற்காலை ஜீப்பில் மேலே போனால் சனிக்கிழமைதான் இறங்குவாள். போகும்போதே வெள்ளிக்கிழமை வரைக்குமான தாள்களை மொத்தமாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போவாள். திரும்பி வரும்போது சரியாக இருக்கும் அல்லவா. அதனால் வாரத்தில் பாதி நாள், பெரியம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஊருக்கு முன்னால் சனிக்கிழமை வந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அந்தக் கத்தி. சின்ன வளைவுக் கத்தி, தோல் உறை. இடுப்பில் முந்தானைச் செருகலுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். ஏலத்தில் தண்டுக்குத் தட்டை என்று பெயர். பறிப்பு முடிந்து தை பிறந்ததும், ஓய்ந்த தட்டைகளையும் சருகுகளையும் தூருக்குத் தூர் அறுத்து எடுப்பதுதான் கவாத்து. எடுக்காமல் விட்டால் புதுத் தட்டைக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்காது. பெரியம்மாவின் கவாத்தை அந்தச் சரிவில் யாரும் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், அவளுக்குக் கவாத்து தோட்டத்தோடு முடிவதில்லை. எங்கள் வீட்டுக்குள் வரும்போது குரோட்டன்ஸில் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் படி ஏறுவாள். துக்க வீட்டுக்குப் போனாலும் வாசல் வாழையில் தொங்கும் சருகை அறுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே போய் அழுவாள்.

மனிதர்களிடமும் அப்படித்தான்.

அவள் வழக்கமாக ஏறும் ஜீப்பை ஓட்டியவர் எங்களுக்குச் சொந்தக்காரர், அவளுக்கு மாப்பிள்ளை முறை. ஒரு நாள் மலைப்பாதை வளைவில் ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே திருப்பியிருக்கிறார்.

"நிப்பாட்டுங்க மாப்ளே."

"என்ன அத்தை?"

"நிப்பாட்டுன்னேன்."

நிறுத்தினார். பெரியம்மா இறங்கினாள். "நீங்க பேசி முடிச்சிட்டு வெரசா வாங்க. நான் முன்னாடி நடக்குறேன்." மெட்டு வரைக்கும் ஏற்றத்தில் அவள் நடக்க, ஜீப்பு பின்னாலேயே ஊர்ந்து வந்திருக்கிறது. உள்ளே தோட்டத்துப் பெண்கள் சிரிக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குப் பிறகு வேறு ஜீப்பில்தான் போகிறாள், அவர் வண்டியில் ஏறவே இல்லை. அவர் வீட்டுக்கு வந்து, "தப்புதான் அத்தை. இப்ப வண்டியில ஒக்காந்தா போனத் தொடுறதே இல்ல, வேணும்னா யாரையும் கேளுங்க" என்று கெஞ்சினார். பெரியம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், பிள்ளைகள் எந்த வகுப்பு என்று விசாரித்தாள், முறுக்கு எடுத்து வந்து வைத்தாள். இன்றுவரை காபி கொடுப்பாள். ஏற மாட்டாள்.

கோபம் என்றால் ஒரு நாள் தணியும் என்று காத்திருக்கலாம். பெரியம்மாவுக்குக் கோபமே வராது. எனக்கு அவளிடம் பயம் அதனால்தான்.

அக்கா கல்யாணச் செய்தி வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாதான் போய்ச் சொன்னாள், நான் பின்னால் நின்றேன். பெரியம்மா காபி குடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். சுவரில் அக்கா பட்டம் வாங்கிய போட்டோ மாட்டியிருந்தது. அதைக் கழற்றி முந்தானையால் துடைத்து, "நீ வச்சுக்க" என்று அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு குறடு எடுத்து ஆணியைப் பிடுங்கினாள். மறுநாள் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ஒரு கை சிமிண்டு வாங்கி அந்த ஓட்டையை அடைத்து, அதன்மேல் சுண்ணாம்பும் பூசிவிட்டாள்.

"வெறும் ஆணி சுவத்துல நின்னா நல்லாருக்காது" என்றாள்.

அந்தப் போட்டோ இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எதிரே வருவது அந்தச் சுவர்தான். இதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

ரெட்பட்டைப் பற்றி ஒரே வாரத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தீர்த்தேன். அதற்கு நல்ல குளிர்காலம் வேண்டும். குளிரில் தூங்கி எழுந்தால்தான் பூக்கும். போடி வெயிலில் அது தூங்கவும் தூங்காது, பூக்கவும் பூக்காது. சோர்ந்து போகிற நேரத்தில், அதற்கு நம் ஊரில் ஒரு பங்காளி இருப்பது தெரிந்தது. செம்மந்தாரை. ஒரே குடும்பம். மந்தாரையிலேயே ஐப்பசி வாக்கில் இலையோடு பூப்பது ஒன்று, தை மாதம் இலையைக் கொட்டிவிட்டு மாசி பங்குனியில் வெறுங்கொப்பில் பூப்பது ஒன்று. எனக்கு வேண்டியது இரண்டாவது. தேனி ரோட்டு நர்சரியில் நாலு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, இடுப்பளவுக் கன்று ஒன்றை ஆனியில் வாங்கி வந்தேன். எங்கள் வாசல் முழுக்க சிமிண்டுத் தளம். பெரியம்மா வாசலில்தான் கேட்டோரம் மண் இருந்தது.

"உங்க வாசல்ல ஒரு மரம் வைக்கட்டுமா பெரியம்மா?"

"என்ன மரம்?"

"மந்தாரை."

"எலையில சோறு கட்டுவாங்களே, அதா?"

"அதுல இது வேற. பூ மரம்."

"நெழல் குடுக்குமா?"

"கொஞ்சமா."

"காய் திங்கலாமா?"

"அதெல்லாம் இல்ல. பூக்கும். அன்னைக்குப் போன்ல பாத்தீங்கல்ல, அது மாதிரி."

புது ஆளை வேலைக்கு எடுக்கும்போது பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நட்டுக்க. ஆனா எங் எடத்துல நிக்கிறது எஞ் சொல்லக் கேக்கணும்."

மின்கம்பிக்கு அடியில் வராமல், காம்பவுண்டுச் சுவரை விட்டுத் தள்ளி, காலை வெயில் படுகிற இடமாகப் பார்த்து நட்டேன். குழி ஆழத்தைவிட அகலம் அதிகம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் தூரைச் சற்று மேடாக வைத்தேன். தேங்காய் நாரைச் சுற்றிலும் பரப்பி, அடித்தண்டில் மட்டும் படாமல் விலக்கினேன். கன்று சட்டென்று பிடித்துக்கொண்டது. மாட்டுக் குளம்பு மாதிரி இரட்டையாகப் பிளந்த இலைகள். கார்த்திகைக்குள் என் நெஞ்சளவு வந்துவிட்டது.

தை மாதம் இலை கொட்டியது. ஒரு சனிக்கிழமை ஜீப்புச் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெரியம்மா பையைக்கூட வீட்டுக்குள் வைக்கவில்லை. மந்தாரை முழங்கால் உயரத்துக்கு நின்றது.

"காஞ்சிருச்சுத்தா."

"காயல பெரியம்மா. எலையக் கொட்டியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். இரு, மழைக்குப் பாரு."

மழைக்குப் பார்த்தேன். வெட்டின இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பி என் தலைக்கு மேல் போய்விட்டது. பெரியம்மா கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தட்டிக் கொடுத்தாள். "பாத்தியா? கத்தி பட்டாத்தான் மரத்துக்கும் புத்தி வருது." மரம் நிஜமாகவே அவள் சொல்லைக் கேட்டிருந்தது.

ஆனால் பூ? இந்த மரங்கள் புதுத் தளிரில் பூப்பதில்லை. முந்தின வருஷம் வளர்ந்து முற்றிய கொப்பில்தான் மொட்டு கட்டும். தையில் வெட்டினால் அந்த வருஷப் பூவும் அதோடு போகும். இரண்டாவது தையில் இதை நான் பெரியம்மாவிடம் விளக்கினேன். காகிதத்தில் படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

"போன வருசக் கொப்புல இந்த வருசம் என்ன இருக்கு? காச்சு முடிஞ்ச தட்டையில மறுபடி காய் வந்து நீ பாத்திருக்கியா?"

"இது ஏலம் இல்ல பெரியம்மா."

"மண்ணுல நிக்கிறதுக்கெல்லாம் ஒரே ஞாயந்தான்" என்று சொல்லிக்கொண்டே அறுத்தாள். சுத்தமான கை. ஒரு கொப்புகூடக் கிழிபடவில்லை. கீழே விழுந்த குச்சி ஒன்றை எடுத்து, கணுவில் இருந்த மொட்டை நகத்தால் பிளந்தேன். உள்ளே நூல் மாதிரி ரோஸ் நிறம். அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இது பூவா?"

"ஆமா."

குச்சியைக் குப்பையோடு போட்டாள். கத்தியைத் துடைத்து உறையில் செருகினாள். செருகும்போது முதல் தடவை தவறியது.

குச்சிகளைப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் எங்கள் வாசலில் வைத்தேன். எல்லாம் சுருங்கிப் போயின. ஒன்றே ஒன்று, வெளுத்துப்போய், சவலையாக விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முறத்தோடு வந்தவள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அன்றைக்கு அக்கா போனை வைத்த பிறகும் அவள் எழுந்து போகவில்லை. அம்மா உலை வைத்து, சோறு வடிக்கும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒன்று தோற்றால் அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும். புது விதை வருகிற ஐப்பசியில், வடக்கே ஒரு மலை ஊரில் விதை விற்கிற ஒருவரிடமிருந்து ரெட்பட்டு விதையையே தபாலில் வரவழைத்தேன். தோல் கல் மாதிரி இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, ஈர மணலில் புதைத்து, டப்பாவை பிரிட்ஜுக்குள் சில மாதம் குளிரில் போட வேண்டும். அப்போதுதான் குளிர்காலம் வந்து போனதென்று நம்பி முளைக்கும். மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரியம்மா கண்ணில் படாமல் இருக்குமா? எங்கள் பிரிட்ஜையும் வாரம் ஒரு தடவை கவாத்து செய்வது அவள்தான்.

"ஏத்தா, மண்ண பிரிட்ஜுல வச்சிருக்க. அடுப்புல என்ன, சாணியா?"

அம்மா ஓடிப்போய் டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கினாள். நான் விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மா முழுவதும் கேட்டாள்.

"குளிருதான வேணும்? அதுக்கு எதுக்குக் கரண்ட வீணாக்குற. மேல கொண்டா. அங்க குளிரு சும்மா கெடக்கு."

இந்த மார்கழியில்தான் அக்கா சொன்னாள், மாசியில் வருவதாக. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. வீட்டுக்காரர் வரவில்லை, தான் மட்டும். எங்கள் வீட்டில்தான் தங்குவாள், மாசி முடிவதற்குள் திரும்பிவிடுவாள்.

"அம்மா வாசல்ல ஒரு தடவ நின்னுட்டு வந்துருவேன் சித்தி. உள்ள கூப்பிடாட்டியும் பரவால்ல. நிக்கணும், அவ்வளவுதான்."

முறத்தில் ஏலக்காய் உருளும் சத்தம் நின்றது. நான் வேண்டுமென்றே குரலை உயர்த்தினேன். "நீ வர்ற நேரம் வாசல்ல மந்தாரை பூத்திருக்கும்க்கா. யாரும் வெட்டாம விட்டா."

முறத்தில் ஏலக்காய் மறுபடி உருண்டது.

மறுநாள் விடியற்காலை, அவள் ஜீப்புக்குக் காத்திருக்கும்போது கேட்டருகே போய் நின்றேன். மரம் மாடிக் கைப்பிடியைத் தொட்டிருந்தது.

"இந்த ஒரு வருசம் விட்டுருங்க பெரியம்மா."

"ஒரு வருசம் விட்டா அப்படியே பழகிரும்."

"மரத்துக்கா?"

"எனக்கு."

ஜீப்பு வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

தை முழுக்க சனிக்கிழமைகளில் நான் வேறு எங்கும் போகவில்லை. மேலே அவளுக்குக் கவாத்து நடந்துகொண்டிருந்தது. வாரம் முழுக்க அறுத்துப் பழகிய கை அந்தக் கையோடே கீழே இறங்கும். நான் ஏதோ ஒரு சோலி இருப்பதுபோல வாசலிலேயே நிற்பேன். அவள் இறங்குவாள். மரத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். கை இடுப்புக்குப் போகும். உறையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். "பாடம் படிக்கிற புள்ளைக்கு வாசல்ல என்ன சோலி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவாள். மாசி பிறந்தது. மொட்டுகள் பருத்தன. எட்டிப் பார்த்தால் நுனியில் நிறம் தெரிந்தது.

அக்கா வருவது ஒரு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் எனக்கு மதுரையில் ஒரு தேர்வு. சனிக்கிழமை காலையே கிளம்ப வேண்டும். எழுதிவிட்டு அங்கேயே தோழி அறையில் தங்கி, விமான நிலையத்தில் அக்காவை அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வாசலில் நிற்க ஆள் இல்லை.

"நீ நில்லும்மா."

"எங்கக்கா கையில கத்தி இருக்கறப்ப நான் வாயத் தொறந்ததா சரித்திரமே இல்லடி" என்றாள் அம்மா.

தேர்வில் என்ன எழுதினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "பரீச்சைய எழுது. வந்து பாத்துக்கலாம்" என்ற ஒரே பதில்தான். அம்மா அப்படிப் பேசினால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை போடி ரயிலில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். போனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தபோது சிரித்தாள்.

"இன்னும் காலண்டர மொத நாளே கிழிக்குதா?"

"கிழிக்குது."

"கத்தி?"

"இடுப்புலதான்."

தேனி வந்தது. அக்கா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "வெட்டியிருக்கும்டி" என்றாள், வெளியே பார்த்தபடி. "வெட்டியிருந்தா நீ ஒண்ணும் சண்ட போடாத. என்னைய வெட்டுனப்ப நானும் போடல."

ஆட்டோ எங்கள் தெருவில் திரும்பியபோது நான் முன்னால் சாய்ந்து பார்த்தேன்.

மரம் நின்றது.

தெருப்பக்கமாக நீண்டிருந்த கீழ்க்கிளை ஒன்று மட்டும் இல்லை. வெட்டுவாய் ஈரம் காய்ந்து வெளுத்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. முழுசாகப் பூக்கவில்லை. உச்சிக் கொப்புகளில் மட்டும் அங்கங்கே விரிந்து, அதைச் சுற்றி ஒரு தேனீ முனகிக்கொண்டிருந்தது. கேட்டில் கொண்டி போடவில்லை, வீட்டில் பூட்டு தொங்கியது.

அம்மா வெளியே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். சனிக்கிழமை பெரியம்மா இறங்கி வந்ததும் பையைக் கேட்டோரம் வைத்துக் கத்தியை உருவியிருக்கிறாள். முதல் கிளையை அறுத்துவிட்டு, அடுத்ததற்குக் கொப்பைப் பிடித்து வளைத்தபோது அதில் ஒரு பூ விரிந்திருந்ததாம். பிடித்த கொப்பை விடவும் இல்லை, அறுக்கவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அப்படியே நின்றிருக்கிறாள். "நான் இந்தப் பக்கச் சுவத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கூப்பிடப் பயமா இருந்துச்சு." ஞாயிறு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். இன்றைக்கு விடியுமுன் முதல் ஜீப்பில் போய்விட்டாள்.

"எப்ப வர்றேன்னு சொல்லுச்சு சித்தி?"

அம்மா பெரியம்மா வீட்டு ஜன்னலைக் காட்டினாள். அக்கா போய் எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாங்கள் மாசி நடுவில் நின்றிருந்தோம். பெரியம்மா வீட்டுச் சுவரில் பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. அக்கா திரும்பிப் போகும் தேதிவரை எண்ணி, அதற்கு மேலும் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அக்கா ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு வந்து மரத்தடியில் நின்றாள். அவள் கேட்டது அதுதானே, வாசலில் நிற்பது. நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. தண்டு இரண்டாகப் பிரிகிற கவட்டில், தோல் உறையோடு அந்தக் கத்தி செருகியிருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவள் கண்ணிலும் அது படவில்லை. பெரியம்மா அதை உறையோடு இடுப்பிலிருந்து கழற்றி வைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மேலே கவாத்து இன்னும் முடியவில்லை. கத்தி இல்லாமல் அவள் தோட்டத்துக்குப் போனாள் என்றால் மேலே இருக்கிற பெண்கள்கூட நம்ப மாட்டார்கள்.

"மறந்து வச்சிட்டுப் போயிருக்கும்" என்றாள் அம்மா.

"அவங்க எதையும் மறந்து நான் பாத்ததில்ல சித்தி" என்றாள் அக்கா.

அவள் கத்தியைத் தொடவில்லை. வெட்டுவாயை விரலால் தடவினாள். பிறகு என்னிடம் திரும்பி, அந்த ஜீப்பு மாப்பிள்ளையின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள்.

அவரிடம் பேசியாகிவிட்டது. "வர்றேன் தாயி. போன வீட்டுலயே வச்சிட்டு வர்றேன்" என்றார், கேட்காமலே. நாளைக் காலை கிளம்புகிறோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. கத்தியைக் கொடுக்கப் போகிறவர்களைக் கூப்பிட வேண்டியதில்லை என்கிறாள் அக்கா. மேலே நம்மைப் பார்த்ததும் பெரியம்மா காபி போட்டுக் கொடுப்பாள், அதுதான் பயமாக இருக்கிறது என்றும் சொல்கிறாள்.

மதியம் பிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து மணலைக் கிளறிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்த விதைகளில் சிலது வாயைத் திறந்து வெள்ளையாக வேர் நீட்டியிருக்கிறது. இனி உள்ளே வைக்க முடியாது. தோட்டத்து வீட்டுக்குப் பின்னால், பனி இறங்குகிற சரிவில், ஏல நிழல் விழாத இடம் ஒன்று இருக்கிறது. பிழைத்தால் பிழைக்கட்டும், அங்கே ஊன்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மேல கொண்டா என்று சொன்னதும் அவள்தான்.

ஈரத்துணியில் சுற்றிய டப்பாவும், செய்தித்தாளில் சுற்றிய கத்தியும் இப்போது ஒரே பையில் இருக்கின்றன. அங்கே போய் இறங்கியதும் முதலில் எதை எடுத்து நீட்டுவது என்பதில்தான் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.